நாத்தனாருக்கு ஒரு மாத்திரை

கடைசி ஆளும் நகரும்வரை மருந்துக்கடை ஓரத்தில் பற்பசை விளம்பரத்தைப் படித்துக்கொண்டே நிற்பார் கிளட்ச் அக்கா. பிறகு குனிந்து, உள்ளங்கையில் மறைத்த காலி அட்டையை நீட்டுவார். "இதே மாத்திரை. நாத்தனாருக்கு."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "கிளட்ச மெல்ல விடு. கரப்பான்பூச்சியா நசுக்கறே?" என்று அவர் போடும் அதட்டலில் பக்கத்து லாரிக்காரரே பிரேக் பிடிப்பார். லாரிக்காரர்களை வாங்கு வாங்கென்று வாங்கும் அந்த வாய், மாதவிலக்கு நின்றுவிட்டதைச் சொல்லக் கூசியது.

பாடத்துக்கு நடுவே கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். "காருக்குள்ள காத்தே இல்ல" என்று கொட்டும் மழையிலும் கண்ணாடியை இறக்குவார். ஒருநாள், கற்றுக்கொள்ள வந்த கல்லூரிப் பெண் கைக்குட்டையை நீட்டி, "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்றாள். அங்கேயே இறங்கி ஓடிவிடலாம்போல் இருந்தது அக்காவுக்கு. "சிக்னலப் பாரு" என்றார்.

நாத்தனாருக்கு இதே தொல்லை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையில் அடங்கியிருந்தது. அவர் குப்பையில் போட்ட அட்டையை யாருக்கும் தெரியாமல் அக்கா எடுத்துவந்தார். மாத்திரைக்குச் சூடு அடங்கியது. ஆனால் சில மாதங்களில், நின்றுபோன ரத்தம் மறுபடி எட்டிப்பார்த்தது. பயம் அவரை மருத்துவரிடம் இழுத்துப்போனது. வெட்கமும் கூடவே வந்து உட்கார்ந்தது.

நாத்தனாரின் மாத்திரையையும், கடைக்காரர் ஒருமுறை மாற்றிக் கொடுத்த வேறொன்றையும் மேசையில் வைத்தார். "இதுல எது நல்லது டாக்டர்? நாத்தனார் கேக்கச் சொன்னாங்க."

"ரெண்டும் ஈஸ்ட்ரோஜன்தாம்மா. ஒண்ணு நம்ம உடம்புல சுரக்கிற அதே வகை. இன்னொண்ணு குதிரை மூத்திரத்துலேர்ந்து எடுக்கறது. சூட்டைத் தணிக்கிறதுல பெரிய வித்தியாசமில்ல." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்களுக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சா?"

"நாத்தனாருக்கு எடுத்தாச்சு."

"அப்போ இது மட்டும் போதும். கர்ப்பப்பை இருக்கிறவங்க இதைத் தனியா சாப்பிடக் கூடாது. உள்சுவர் தடிச்சு, புற்றுநோய் வரைக்கும் போகலாம். அதைத் தடுக்க, கூடவே புரோஜெஸ்டிரோன்னு இன்னொரு ஹார்மோனும் வேணும். ரத்தம் பட்டா உடனே வந்து காட்டணும்."

"அப்போ நாத்தனாருக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்தார் அக்கா. கதவுவரை போனார். மருத்துவர் அடுத்தவரை அழைக்க மணியில் கைவைத்தார்.

அக்கா திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, ரத்த அழுத்தம் பார்க்கத் தன் கையை மேசைமேல் நீட்டிவைத்தார்.