கடுகுத் தலையணை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கதை கட்டிப் பயமுறுத்தி எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. இண்டூரில் குட்டி யானை வண்டி ஓட்டுகிறவன் நான். தக்காளி லோடு ஏற்றிப் போகும்போது தூக்கம் வந்தால் சுடுகாட்டு ஓரமாகக்கூட வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறேன். யாராவது பேய் என்று ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிப்பேன். போன ஐப்பசியோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் நடந்தது. பக்கத்து வீட்டில் டிவி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவன் என் மகன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பேரும் வைக்கவில்லை. அதற்குள் என் மனைவி பாரதிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறிவிட்டது. தருமபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழந்தையை வார்டில் வைக்காதீர்கள், ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்றார்கள். மாமியார் அவளுக்குத் துணையாக அங்கே இருந்தார். என்னைப் பெற்றவள் உயிரோடு இல்லை. பாரதியின் அக்கா நிர்மலா ஏரியூரிலிருந்து வருவதாக இருந்தது. மழையில் பஸ் வரவில்லை, காலையில் வருகிறேன் என்று போன் செய்துவிட்டார். ஆக, வீட்டில் நானும் அவனும்தான். பச்சைப் பிள்ளையை ஒழுங்காகத் தூக்கக்கூட எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போட மாட்டோம். நன்றாக வளர்ந்த பிள்ளைகளின் பழைய துணியில்தான் படுக்க வைப்போம். நிர்மலா அக்காவுக்கு இரண்டு பையன்கள், இரண்டும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளுகிறவை. அவர்கள் படுத்த சின்ன மெத்தை, குடை மாதிரி விரியும் கொசுவலை, துணிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி முதல் நாள்தான் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார். பிரித்தேன். அடியில் ஒரு கடுகுத் தலையணை இருந்தது. மஞ்சள் துணி, ஓரத்தில் சிவப்பு நூல் தையல். குழந்தையின் தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகு அடைத்துத் தைப்பார்களே, அதுதான். தொட்டால் சில்லென்று இருந்தது. லேசாக மண் வாசனை. பரண் ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாரதி போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

"நர்சக்கா சொன்னாங்க. மல்லாக்கதான் படுக்க வைக்கணுமாம். தலையணை, சுருட்டின துணி எதுவும் பக்கத்துல வேணாமாம். மூஞ்சி மேல வுழுந்தா புள்ளைக்குத் தள்ளிவுடத் தெரியாதாம்."

"நாமெல்லாம் தலையணை இல்லாமயா வளந்தோம்? நீ பேசாம தூங்கு."

8.10. பாரதி கறந்து கொடுத்தனுப்பிய பாலைப் பாலாடையில் ஊட்டினேன். பாதி என் லுங்கிக்குப் போயிற்று. தோளில் போட்டுத் தட்டி, தலையணையில் படுக்க வைத்து, வலையைக் கவிழ்த்துவிட்டுப் பாலாடையைக் கழுவப் போனேன். இரண்டு நிமிஷம் இருக்கும்.

திரும்பி வந்தால் தலையணை சுவரோரம் கிடந்தது. வலைக்கு வெளியே. வலை கவிழ்த்தபடியே இருந்தது. பையன் வெறும் மெத்தையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

வைக்க மறந்திருப்பேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை, புத்தி மழுங்கிவிட்டது. அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி வைத்தேன். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன்.

8.45. கதவு தாழ்ப்பாளைச் சரிபார்க்க எழுந்தேன். பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்... சர்ர்...

தரையில் கடுகு நகரும் சத்தம். திரும்பினேன். தலையணை சமையல்கட்டு வாசலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தையல் ஓரத்தில் வெள்ளையாக, நூல் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் இழுத்தேன். நூல் இல்லை. கடுகு முளைத்திருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. ஏதோ ஒன்று இந்த வீட்டுக்குள் இருக்கிறது. இன்றைக்குத் தலையணையை இழுக்கிறது. அடுத்து பிள்ளையை இழுக்கும். ஏழு வருஷம் ஏங்கிக் கிடைத்தவன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

விடக்கூடாது என்று வெறி வந்துவிட்டது. மெத்தைக்கு அடியில் அரிவாளை வைத்தேன். தலையணையை அவன் தலைக்குக் கீழே திணித்தேன். அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் போர்வையைச் சுருட்டி அண்டை கொடுத்தேன். வலையைச் சுற்றிக் கயிறு போட்டு முடிச்சுப் போட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து வலைமேல் கையை வைத்துக்கொண்டேன். வரட்டும், பார்த்துக்கொள்வோம்.

9.25. கரண்ட் போயிற்று.

பக்கத்து வீட்டு டிவியும் நின்றது. மழை மட்டும் பெய்தது. போனைத் துழாவினேன். கிடைக்கவில்லை.

இருட்டில் மூச்சுச் சத்தம் கேட்டது. என் மகன் மூச்சு விடுவது வெளியே கேட்காது. இது வேறு. கர்... என்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. எனக்கு இடது பக்கம். தரையோடு தரையாக.

சர்ர்...

இந்த முறை வலைக்கு உள்ளே.

போன் கையில் பட்டது. லைட் போட்டேன்.

பையனின் முகம் தெரியவில்லை.

தலையணை அவன் முகத்தின் மேல் இருந்தது.

கயிற்றைப் பிய்த்தேன். என் முடிச்சு... எனக்கே அவிழவில்லை. அரிவாளால் வலையைக் கிழித்துக் கையை விட்டேன். தலையணையை இழுத்தேன்.

வரவில்லை.

உள்ளங்கை அளவுத் தலையணை. நனைந்த மணல் மூட்டை மாதிரி கனத்தது. நெல் மூட்டை தூக்குகிற கை இது. அசையவில்லை.

"விட்டுடு... என்னை எடுத்துக்க... அவன விட்டுடு..."

அப்போது...

என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை பட்டது.

சின்னது. விரல் என் சுண்டு விரலில் பாதி இருக்கும். ஐஸ் மாதிரி சில்லிட்டது.

அதுவும் இழுத்தது.

என்னோடு சேர்ந்து இழுத்தது.

தலையணை வந்துவிட்டது.

பையன் அசையவில்லை. உதடு நீலம். காலைத் தேய்த்தேன், முதுகைத் தேய்த்தேன், ஊதினேன், கும்பிட்டேன். கூப்பிட அவனுக்கு ஒரு பேர்கூட இல்லை. "சாமி... சாமி..." என்று கத்தினேன்.

ஒரு விக்கல்.

அப்புறம் அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். மழையில் அப்படியே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, பக்கத்து வீட்டு நஞ்சப்பனைக் கூப்பிட்டு, அவர் காரில் டாக்டரிடம் போனோம். பார்த்துவிட்டு, இப்போது நன்றாக மூச்சு விடுகிறான், ஆனால் இனிமேல் படுக்கையில் தலையணை, போர்வை எதுவும் வைக்காதே என்று திட்டினார். திட்டு வாங்க வேண்டியவன்தான்.

காலையில் நிர்மலா அக்கா வந்தார். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க்கா அந்தத் தலையணையப் போட்டு அனுப்பினீங்க? புள்ள போயிருப்பான்."

"தலையணையா? நான் வைக்கலீங்க தம்பி. எங்க வூட்டுல பசங்க ரெண்டு பேருக்கும் தலையணையே வச்சதில்ல."

"கடுகுத் தலையணை. மஞ்சத் துணி, செவப்பு நூல் தையலு. பைக்குள்ளதான் இருந்துச்சு."

அக்கா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே போய்த் தேடினேன். கிழிந்த வலை இருந்தது, கயிறு இருந்தது. வீடு முழுக்கப் பார்த்தும் தலையணை இல்லை.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், செத்துப்போன பிள்ளையை எங்கள் பக்கம் யாரும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். பாரதிகூட என்னிடம் சொன்னதில்லை. அக்காதான் அன்றைக்குச் சொன்னார். பையன்களுக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். பிறந்ததிலிருந்தே மூச்சு இழுக்குமாம். ஒரு நாள் விடிந்து பார்த்தபோது முகம் தலையணைக்குள் புதைந்து கிடந்ததாம்.

"மஞ்சத் துணி, செவப்பு நூல்... நான்தான் தம்பி தச்சேன்."

"அப்புறம் அத எங்கக்கா வச்சீங்க?"

அக்கா என் மகனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவளப் பொதைக்கறப்போ, தல நோகக்கூடாதுன்னு குழிக்குள்ள அடியில வச்சேன். பதினாலு வருசமாச்சு."