இஷ்டப்படி எடுக்க ஒத்திகை

குழந்தைகள் தாங்களாகவே தேர்ந்தெடுத்து, கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்ற கொள்கையை எங்கள் பள்ளி முழு மனதோடு ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கான சாமான்கள் ஒரு கண்ணாடி பீரோவில் பத்திரமாகப் பூட்டியிருந்தன. சாவி தலைமையாசிரியையின் இடுப்பில் தொங்கியது.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே, ஓட்டுக் கட்டடம் ஒன்றில் நடந்த நர்சரி வகுப்பு அது. பயிற்சி முடித்துச் சேர்ந்து எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. பல்லாவரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமையாசிரியையைக் குழந்தைகள் பெரிய மிஸ் என்பார்கள், என்னைச் சின்ன மிஸ் என்பார்கள். ஆயாம்மாவைத் தவிர நாங்கள் இரண்டு பேர்தான், ஆகவே குழப்பம் இல்லை.

பெரிய மிஸ் பெங்களூரில் மூன்று வாரம் பயிற்சிக்குப் போய் வந்தவர். அந்த மூன்று வாரத்தை வைத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சுக்கு முப்பது வருஷம் போதாது. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். "குழந்தைதாம்மா லீடர், நாம வெறும் ஹெல்ப்பர்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, ஒன்றுக்குப் போக எழுந்த லீடர் ஒருவனைத் தொடையில் கிள்ளி உட்கார வைப்பார். அன்றாடம் நடந்தது என்னவோ சம்மணம் போட்டு, கை கட்டி, வாயில் விரல் வைத்து உட்காருவதும், கோரஸாக ஆங்கிலப் பாட்டுப் பாடுவதும்தான். சாமான்கள் கடல் கடந்து வந்தவை. தொட்டால் அழுக்காகும் என்பது பெரிய மிஸ்ஸின் கவலை. தொடுவதற்காகவே செய்யப்பட்ட சாமான்கள் அவை என்பதைப் பெங்களூரில் சொல்லித்தராமலா இருந்திருப்பார்கள்?

அப்போது ஒரு செய்தி வந்தது. அந்தச் சாமான்களை அனுப்பிய சபையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் பார்வையிட வருகிறாளாம். குழந்தைகள் இஷ்டப்படி எடுத்து வேலை செய்வதை அவள் பார்க்க வேண்டுமாம். பெரிய மிஸ்ஸுக்கு வியர்த்தது. மறுநாளே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தார். இருபத்துநாலு குழந்தைகள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தக் குழந்தை இஷ்டப்பட்டு எடுக்க வேண்டிய சாமான். பட்டியலைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். இரண்டு வாரம் ஒத்திகை. நடத்த வேண்டியவள் நான்.

பெயர் கூப்பிடாமலே எழுந்திருக்க வேண்டும். பீரோ முன் போய் நிற்க வேண்டும். நின்றதும் மோவாயில் விரல் வைத்து, மனசுக்குள் ஒன்று இரண்டு எண்ணி, யோசிப்பதுபோல் இருக்க வேண்டும். பிறகு தன் சாமானை எடுத்துக்கொண்டு தன் பாய்க்குப் போக வேண்டும். அந்த மோவாய் விரல் பெரிய மிஸ்ஸின் யோசனை அல்ல, என்னுடையது. பெரிய மிஸ் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாலு வயசுப் பிள்ளைகளுக்கு யோசிப்பதுபோல் நடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதைப் பெருமை என்று நினைத்தவள் நான்.

அந்த இருபத்துநாலு பேரில் இலவசமாகச் சேர்க்கப்பட்ட குழந்தை ஒன்றே ஒன்று. சானடோரியம் பக்கத்து மலையடிவாரத்தில் கல் உடைக்கிற ஒருத்தியின் பெண். ஏழைக்கும் இடம் தருகிறோம் என்று சபைக்குக் காட்ட ஓர் ஏழை வேண்டியிருந்தது, சேர்த்தார்கள். ஜூனில் புதிதாகத் தொடங்கும் ஒன்றாம் வகுப்புக்கு அவளை எடுப்பதா என்பது மட்டும் முடிவாகவில்லை. "வெள்ளைக்காரம்மா வர்ற அன்னிக்கு ஒழுங்கா நடந்துக்கிட்டா எடுத்துக்கலாம், இல்லேன்னா வேற நல்ல பிள்ளையா பாக்கலாம்" என்று பெரிய மிஸ் சொல்லிவிட்டார். அதை அந்தத் தாயிடம் சொல்கிற வேலையும் எனக்குத்தான். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"நானு கல்லு ஒடைக்கிறேன் மிஸ். இது அங்க வரக் கூடாது. அவ்ளோதான் நான் கேக்கறது. நீங்க சொல்லிக் குடுங்க, அது கேட்டுக்கும்" என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். குழந்தைக்கு ஒதுக்கியது ரோஸ் நிற மரக்கட்டைகள். மொத்தம் பத்து. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் சிறியது. பெரியதில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கோபுரம். அவள் கோபுரம் கட்டவில்லை. மூன்று கட்டைகளை முக்கோணமாக வைத்து, மேலே ஒரு பெரிய கட்டையை ஏற்றினாள். அடுப்பு. மேலே இருந்த கட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் தரையோடு தரையாகக் குனிந்து அடியில் பார்த்தாள். ஒரு கட்டையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். மறுபடி சாய்ந்தது. பத்தில் எந்த மூன்றும் ஒரே உயரம் இல்லை, சாயாமல் என்ன செய்யும்? அவளோ விடுவதாக இல்லை.

குழந்தை தன் கையாலேயே தவறைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் என்று பயிற்சித் தேர்வில் நான் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். நல்ல மார்க். அது என் கண்ணெதிரே, என் காலடியில் நடந்தது. நான் ஸ்கேலை எடுத்து அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். "கோபுரம்" என்றேன். மறுநாளும் அடுப்பு, மறுநாளும் தட்டு. இரண்டாவது வாரம் அவள் கோபுரம் கட்டத் தொடங்கினாள். மோவாயில் விரல் வைத்து, ஒன்று இரண்டு எண்ணி, கட்டைகளை எடுத்து வந்து, பிசகாமல் அடுக்கிவிட்டுக் கை கட்டிக்கொள்வாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. பெரிய மிஸ் பார்த்துவிட்டு, "தேறிடுச்சு" என்றார்.

அந்த அம்மாள் ஒரு காலையில் காரில் வந்து இறங்கினாள். குழந்தைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், நின்றார்கள், யோசித்தார்கள், எடுத்தார்கள். இருபத்துநாலு விரலும் இருபத்துநாலு மோவாயில் ஒரே இடத்தில் பட்டது. இதைப் பார்த்தும் சந்தேகம் வராதவள் மனுஷியே இல்லை. அந்த அம்மாள் பீரோவருகே போய்க் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தமிழ்ப் பட்டியலைக் காட்டி இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"காலை ஜெபம்" என்றார் பெரிய மிஸ், கண் இமைக்காமல்.

அம்மாள் மரியாதையோடு தலை குனிந்தாள். பிறகு திரும்பி, எல்லாரும் சாமான்களைத் திருப்பி வைக்கட்டும், இப்போது வேறு ஏதாவது எடுக்கட்டும், எது பிடிக்கிறதோ அது என்றாள். பெரிய மிஸ் அதைத் தமிழில் சொன்னார். குழந்தைகள் திருப்பி வைத்தார்கள். வந்து உட்கார்ந்தார்கள். கை கட்டினார்கள். யாரும் எழவில்லை. விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று கூரைமேல் போய் அடங்கும்வரை அப்படியே இருந்தார்கள். "எது வேணுமோ எடுங்கம்மா" என்று பெரிய மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். முன் வரிசையில் ஒரு பையன் அழ ஆரம்பித்தான். அவன் பெயருக்கு எதிரே ஒரு சாமான்தான் எழுதியிருந்தது, இரண்டாவது இல்லை.

கல் உடைப்பவளின் மகள் எழுந்தாள். மோவாயில் விரல் வைக்கவில்லை. நேரே போய்க் கட்டைகளை எடுத்தாள். நிறம் பழக வைத்திருந்த மெல்லிய பலகைத் துண்டுகளையும், நீளம் பழகுகிற சிவப்புக் குச்சிகளையும் அள்ளிக்கொண்டாள். அவை வேறு பிள்ளைகளுக்கு ஒதுக்கியவை. தரையில் உட்கார்ந்து மூன்று கட்டைகளை வைத்தாள். மேலே கட்டை ஏற்றினாள், சாய்ந்தது. குட்டையாக இருந்த கட்டைக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகினாள். போதவில்லை. இன்னொன்று. அடுத்த கட்டைக்கு ஒன்று. மேலே விரலால் அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை. அதற்குப் பிறகு சிவப்புக் குச்சிகளை அடியில் தள்ளி, குனிந்து ஊதினாள்.

"கஞ்சி வேவுது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

இரண்டு வாரமாக அந்தத் தலைக்குள் அந்தச் சாய்வு இருந்திருக்கிறது. நான் தட்டத் தட்ட அது போகவில்லை. அந்த அம்மாள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, இந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்றாள்.

"நான்தான்" என்றேன்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கையை ஸ்கேலால் தட்டியது நான்தானே.

அம்மாள் வருகைப் பதிவேட்டில் எழுதினாள். இந்த வகுப்பில் ஒரே ஒரு குழந்தையைத்தான் பார்த்தேன் என்றும், அதற்குச் சுதந்திரம் கொடுத்த இளம் ஆசிரியையைப் பாராட்டுகிறேன் என்றும் இருந்தது. அடுப்பை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். கோவளத்தில் கடல் பார்க்கப் போக நேரமாகிவிட்டதென்று காரில் ஏறினாள். ஒரே ஒரு குழந்தையைப் பார்த்தவள் அதன் பெயரைக் கேட்கவில்லை.

பதிவேட்டைப் படித்த நிர்வாகக் குழு அடுத்த மாதமே என் வேலையை நிரந்தரமாக்கிற்று. பெரிய மிஸ்ஸும் படித்தார். ஒரு குழந்தை என்றால் மற்ற இருபத்துமூன்று பேர் யார் வேலை என்று அவருக்கும் தெரியும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த மாதிரி ஒண்ணு இருந்தா கிளாஸே கெட்டுடும்மா. ஜூன்ல அவளுக்கு இடமில்லே. நீயே சொல்லிடு. நீதானே அவளுக்கு சுதந்திரம் குடுத்தே" என்றார்.

அவர் கிண்டலாகச் சொன்னாரா, வயிற்றெரிச்சலில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் சண்டை போட்டிருக்கலாம். அந்தக் குழந்தையால் கிடைத்த நிரந்தர வேலை உத்தரவு கைப்பையில் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்திருக்கலாம். "சரி மிஸ்" என்றேன்.

பள்ளி திறந்த அன்று அந்தத் தாய் மகளுக்கு எண்ணெய் வைத்து வாரி, துவைத்த கவுன் போட்டு அழைத்து வந்தாள். கேட்டிலேயே நிறுத்திச் சொன்னேன்.

"எங் கொயந்த இன்னா தப்பு பண்ணிச்சி மிஸ்?" என்றாள்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. இடம் இல்ல. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"வெள்ளக்காரம்மா வந்தப்போ நல்லா பண்ணிச்சின்னு ஆயாம்மா சொன்னாங்களே."

நான் கேட்டின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். அவள் மகள் பக்கம் குனிந்தாள். "மிஸ்ஸு சொல்லிக் குடுத்தத நீ சரியாப் பண்ணலியா? பண்ணிக் காட்டு. மிஸ்ஸு பாக்கட்டும்" என்றாள்.

குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். மோவாயில் விரல் வைத்தாள். உதடு அசைந்தது, ஒன்று, இரண்டு. பிறகு அந்தத் துவைத்த கவுனோடு கேட்டுக்கு வெளியே செம்மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை கட்டி, வாயில் விரல் வைத்துக்கொண்டாள். சரியாக இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு பிசகும் இல்லை. உள்ளே மணி அடித்தது. நான் கேட்டைச் சாத்திக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.