மேல்மாடி மாவு

சின்ன காஞ்சிபுரத்தில் மந்தாரை இலை வைத்துக் கோயில் இட்லி அவித்து விற்கிறேன். எனக்கு நேர்மேலே பல் ஆஸ்பத்திரி. இரண்டு இடத்துக் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் சேரும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் மாடிக்கா ஏறும்? என் சமையல்கட்டில்தான் பொங்கும்.

மறுபடியும் பொங்கிய அன்று கட்டட ஓனர் வந்தார். தன் தெத்துப்பல்லைச் சரிசெய்ய மாடிக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த மனுஷன். பிளம்பர் குழாயிலிருந்து வெள்ளையாக ஒரு கட்டியைத் தோண்டி எடுத்ததும், சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே அதைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியாம்மா, உன் இட்லி மாவு! இன்னொரு தபா அடைச்சுக்கினா கடய காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு."

"சார், இட்லி மாவு புளிக்கும், நாறும். இப்டி கல்லாட்டம் இறுகுமா?"

"எனக்கே சொல்லித் தர்றியா? மேல இருக்கறவரு டாக்டரும்மா. அவரா அடைப்பாரு?"

சாப்பிட்டவர்கள் முகம் சுளித்துப் பாதியில் எழுந்து போனார்கள். இந்தக் கடை போனால் என் பிள்ளைகளுக்குச் சோறு ஏது? இருய்யா, உன்னை வச்சுக்கறேன் என்று கறுவிக்கொண்டேன்.

அதே பிளம்பரைப் பிடித்துக் கசடு பிடிக்கிற பெட்டி இரண்டு மாட்டச் சொன்னேன். உள்ளே சல்லடைக் கூடை. தண்ணீர் போய்விடும், மற்றதெல்லாம் தங்கிவிடும். ஒன்று என் சிங்குக்கு அடியில். மற்றது, மாடிக் குழாய் என் பின்சுவரில் இறங்கும் இடத்தில். யாரையும் கேட்கவில்லை, ஏன் கேட்க வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமை, கடை நிரம்பிய நேரமாகப் பார்த்து ஓனரைக் கூப்பிட்டனுப்பினேன். இரண்டு கூடைகளையும் எல்லோர் முன்னாலும் திறந்தேன். என் கூடையில் கொஞ்சம் மிளகும் இலைத் துணுக்கும். மாடிக் கூடையில், பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவு கல்லாகிக் கிடந்தது. அதற்குள் உடைந்த அச்சுத் துண்டு ஒன்று: மூன்று முன்பற்கள், அதில் ஒன்று துருத்திக்கொண்டு. அதைக் கழுவி, மந்தாரை இலையில் வைத்து, ஓனரிடம் நீட்டினேன்.

"இது யாரு மாவு சார்? பல்லு முளைச்சிருக்குது பாருங்க!"

எல்லோரும் அச்சைப் பார்த்தார்கள். பிறகு ஓனரின் வாயைப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கை தானாக வாயை மூடிக்கொண்டது.

"அத தூக்கிப் போட்டுடும்மா" என்றார், கையை எடுக்காமலே.

போடுவேனா? கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி டம்ளரில் வைத்திருக்கிறேன். மாடிக்காரர்களே இப்போது இறங்கி வந்து அவர்கள் கூடையைக் கழுவுகிறார்கள். ஓனரும் மாசாமாசம் வாடகை வாங்க வருகிறார். கடையைக் காலி பண்ணச் சொன்ன அந்த வாய், என் கடையில் இட்லி தின்பதற்குக்கூடத் திறப்பதில்லை.