நான்கு கட்டத்துக்குள் ஒரு கருவாடு

இங்கே மீன் வறுத்தால் சன்னலைச் சாத்துகிறார்கள். ஒரகடத்துக்கு வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கரையில், சட்டியில் மீன் விழுந்தால் கதவைத் திறந்துதான் வைப்போம். தெருவில் போகிறவர்கள் "என்ன, சாளையா?" என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வார்கள். இங்கே வாசனை வெளியே போனால் குற்றம். சரி, இவர்கள் அப்படி எதைத்தான் வறுக்கிறார்கள்? செம்பரம்பாக்கம் ஏரிக் கெண்டை! சேறு நாறும் அந்த மீனுக்குச் சன்னலைச் சாத்துவது நியாயம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். கடற்கரையில் பிறந்தவளின் திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு லைன் வேலை. வல்லக்கோட்டைப் பக்கம் காமாட்சி அக்கா வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். அக்காவுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை, ஹவுஸ்கீப்பிங். எங்களைச் சேர்த்துவைத்தது குறுக்கெழுத்து. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பாதிக் கட்டங்களை நிரப்பிவிட்டு, மாடிப்படியின் கீழே நின்று கத்துவார்: "ஏ செல்சியா! நாலெழுத்து. வானத்துல பறக்குது, வாலு கீது, ஆனா பறவ இல்ல. இன்னா சொல்லு?" "பட்டம்க்கா!" "அடிசக்க!" அப்படியே நானும் கட்டம் போடப் பழகிவிட்டேன். மாதம் ஒரு சார்ட்டில் வரைந்து கேன்டீன் பலகையில் ஒட்டுவேன். நூலில் தொங்கும் பென்சிலை எடுத்து, விடை தெரிந்தவர்கள் நிரப்பிவிட்டுப் போவார்கள். முதல் ஆள் எப்போதும் அக்காதான்.

இந்தச் சிநேகத்தில் மண் விழுந்தது ஒரு சீலாக் கருவாட்டால். லீவு முடிந்து ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா பொட்டலத்தைக் கையில் திணித்தாள். "ஏட்டி, குடியிருக்க இடம் தந்தவ வீட்டுக்கு வெறுங்கையோடயா போவ?" எங்கள் கரையில் ஒருவரை மதிக்கிறோம் என்றால், உப்பிட்டதில் முதல் தரத்தை எடுத்து அவருக்குக் கொடுப்போம். அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அக்கா வாசலில் போய் நின்றேன். அன்று கிருத்திகை. தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு அக்கா முருகன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜெபமாலை உருட்டி வளர்ந்த எனக்குக் கிருத்திகை எங்கே தெரியும்?

"இன்னாம்மா இது? கிருத்திக அன்னிக்கு வூட்டு வாசல்ல கவுச்சிய தூக்கினு வந்து நிக்கிற! அறிவு கீதா உனக்கு?"

"உங்களுக்குத்தான்க்கா கொண்டாந்தேன்..."

"எனக்கா? இனிமே இந்த நாத்தம் மாடில வந்துச்சு, ரூம காலி பண்ணிகினு போய்னே இரு!"

நாற்றம் என்றாரே, அதுதான் சுட்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு அறை தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயரைக் கேட்பதற்கு முன்பே என்ன சமைப்பாய் என்று கேட்பார்கள். பொட்டலத்தை மூன்று கவருக்குள் சுற்றி, பெட்டிக்குள் துணிக்கு அடியில் ஒளித்தேன். திருட்டுப்பொருளா அது? சாம்பார் சாம்பாராகத் தின்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலை விட்டு என்னை யாரும் துரத்தவில்லை. மீன்கூடையோடு உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று நானேதான் வண்டி ஏறினேன். அதற்காக நாக்கை அங்கேயே அறுத்து வைத்துவிட்டா வர வேண்டும்? என்னைப் போல ஊரை விட்டு வந்தவர்களே, நீங்களே சொல்லுங்கள்.

அந்த மாதச் சார்ட்டில் வேண்டுமென்றே ஒரு குறிப்பைச் சேர்த்தேன். 'கடலை விட்டுக் காய்ந்த நிலத்துக்கு வந்தது. உப்போடு வந்ததால் கெடாமல் நிற்கிறது (4).' சூப்பர்வைசர் வந்து, "கப்பல்தானே?" என்றார். "கப்பலுக்கு யார் சார் உப்புப் போட்டு வைப்பாங்க?" என்றேன். லைனே சிரித்தது. அக்கா துடைப்பத்தோடு நின்று படித்தார். விடை தெரிந்துவிட்டது என்று முகமே சொன்னது. பென்சிலைத் தொடாமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கதவையும் சன்னலையும் விரியத் திறந்துவைத்துக் கருவாட்டை வறுத்தேன். படியேறி வரும் சத்தம் கேட்டது. கரண்டியைக் கீழே வைக்காமல் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"காலி பண்ண சொன்னேனா இல்லியா?" என்றார் அக்கா.

"சொன்னீங்க. பண்ணுதேன். ஆனா சன்னல அடைக்க மாட்டேன்க்கா."

இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செவ்வா, வெள்ளி, கிருத்திக. அன்னிக்கெல்லாம் அடுப்புல ஏத்தாத. மத்த நாளு உன் இஷ்டம்."

"நாத்தம்னு சொல்லக் கூடாது."

"ஐய! நாறுனா நாறுதுன்னுதான் சொல்லுவேன், போடி."

ஒரு துண்டு நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். நானும் வற்புறுத்தவில்லை.

திங்கட்கிழமை கேன்டீனில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், அந்த நான்கு கட்டத்திலும் அக்காவின் கோணல் கையெழுத்தில் 'செல்சியா'. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் நிறைந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து அதே கட்டங்களில், அந்தப் பெயரின் மேலேயே, 'கருவாடு' என்று அழுத்தி எழுதினேன். "ரெண்டுல எதும்மா சரி?" என்று சூப்பர்வைசர் ரப்பரோடு வந்தார். அவர் கையைத் தட்டிவிட்டேன்.