ஐரின் டீச்சர் வீட்டு மன்றாட்டு

ரிமோட்டின் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியபடி இரு கட்டைவிரல்கள் அசையாமல் இருந்தன. சாந்தோமில் கேபிள் வேலை பார்க்கும் நந்தகுமார் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பலிக்கவில்லை.

"சீக்கிரம் நந்தா, இன்னிக்கு ஜெபத்துக்கு சர்ச் சாமியாரே வர்றாரு," என்றார் ஐரின் டீச்சர். "நேத்து மன்றாட்டுமாலைல ஒவ்வொரு புனிதர் பேரா சொல்லிட்டிருந்தப்ப எங்க வீட்டுக்காரரு ரிமோட் மேல உக்காந்துட்டாரு. டிவி தானா எழுந்து, மெனுவ ஒவ்வொண்ணா சத்தமா, 'அமைப்புகள்'னு படிச்சுது. பழக்கதோஷம், எல்லாரும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னுட்டோம்."

"அப்பால இன்னா ஆச்சு டீச்சர்?"

"அடுத்து வந்த வைஃபையையும் விடல."

நந்தகுமார் மறுபடி அழுத்தினார். 'குரல் வழிகாட்டி அணைக்கப்பட்டது,' என்று டிவியே அறிவித்தது.

"ஆமென்," என்றார் கணவர் ஆம்ப்ரோஸ், சோபாவிலிருந்து.

திரை மெனுவில் ஒவ்வொரு பெயராக நகர்த்திப் பார்த்தார் நந்தகுமார். டிவி எதையும் படிக்கவில்லை. ஆம்ப்ரோஸ் நீட்டிய கையைத் தாண்டி, ரிமோட்டை டீச்சரிடம் கொடுத்தார்.