இடது பக்கம் இருந்த ஸ்டியரிங்

மகளைப் பார்க்கத் தருமபுரியிலிருந்து புறப்பட்டு, விமானத்தில் தூக்கமே இல்லாமல் இன்று காலை அமெரிக்காவில் இறங்கினோம்.

"டாக்ஸி புடிச்சிக்கிங்கப்பா" என்றாள் மகள் போனில். நான் கேட்கவில்லை. விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்தேன்.

வழக்கம்போல வலது பக்கக் கதவைத் திறந்து, கம்பீரமாக உட்கார்ந்து பெல்ட்டும் போட்டேன்.

இடது பக்கம் ஏறிய மனைவி கேட்டாள்: "ஏங்க, ஸ்டியரிங்க எதுக்குங்க எங்கிட்ட குடுத்திருக்காங்க?"

நான் இறங்குவதற்குள் வாடகைக் கவுண்டர் பெண் ஓடி வந்து, இவள்தான் ஓட்டப்போகிறாள் என்று நினைத்து லைசென்ஸ் கேட்டாள்.

மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வூட்டுக்காரரு எம்பத்தஞ்சுலயே சித்தேரி மலையில பஸ்ஸு ஓட்டுனவருங்க!"

நல்லவேளை, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.

உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதவே யோசித்தேன். சிரித்துவிட்டுப் போங்கள்.