மூட வந்தார்கள், குழியைக் காணோம்

இன்று காலை கம்பளை வீதியில் என் மனுவுக்கான பதில் நேரிலேயே வந்து நின்றது: வீதி வேலையை மேற்பார்க்கும் ஓர் ஓவசியர், மண்வெட்டிகளோடு ஆறு வேலையாட்கள்.

வீதியில் முழங்கால் ஆழக் குழி இருப்பதாக, வண்டிக்காரர்களுக்காக ஆறு மாதங்களுக்கு முன் மனு எழுதுவதே தொழிலான நான்தான் சர்க்காருக்கு எழுதியிருந்தேன். மூன்று முறை அளந்து எழுதிய மனு.

"பெரியவரே, குழி எங்க?" என்றார் ஓவசியர்.

அளவில் பிழை விட்டேனோ என்று பயந்தே போனேன். வீதியில் பதிந்திருந்த கற்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. காத்திருந்து சலித்த வண்டிக்காரர்கள், வண்டிக்கு இரண்டு கல் என்று ஆற்றிலிருந்து கொண்டுவந்து போட்டுக் குழியை மூடிவிட்டார்கள்.

"குழிய மூடத்தான் உத்தரவு. குழி இல்லாம எத மூடுறது? தோண்டுங்கப்பா!" என்றார் ஓவசியர்.

பின்னால் புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து கோப்பிக்கொட்டை மூட்டைகளோடு வந்த ஏழு வண்டிகள் நின்றன. வானம் கறுத்திருந்தது. முதல் வண்டிக்கார முத்தையா இறங்கி வந்தார்.

"ஏங்க, அது நாங்க போட்ட கல்லுங்க. மூட்டை நனைஞ்சா தோட்டத்துத் தொரை எங்களத்தான் ஏசுவாரு. சர்க்காரு செலவு பண்ணாம இருந்தாலே எங்களுக்குப் பெரிய ஒத்தாசைங்க!"

வேலையாட்களே சிரித்துவிட்டார்கள். ஓவசியர் என் பக்கம் திரும்பினார்.

"மேல காட்ட எனக்கு ஒரு கடுதாசி வேணுமே, ஐயா."

பேனாவை எடுத்தேன். கோப்பி மூட்டை மேல் தாளை வைத்து, குழி இல்லை, தயவுசெய்து செலவு செய்ய வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வண்டிகள் போய் வெகுநேரம் கழித்தே மழை வந்தது.

இனி மனு எழுதக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இரண்டு கல் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?